வெள்ளைப் புடவையும் ஒரு ஜப்பான் படமும்

உலக சினிமாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஒன்றும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். கூட்டத்தில் பேசச் சொன்னால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் தாம்பரம் ரயிலையும் ரேஷன் சர்க்கரையையும் பற்றிப் புலம்புவேன், நீங்களும் பொறுத்துக்கொள்வீர்கள். இந்த வாரம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்யப் போகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருக்கிறது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள்... ஒரு பள்ளிக்கூட ஹால், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, கடகடக்கும் ஒரு புரொஜெக்டர். அவ்வளவுதான். செயலாளர் பாங்கில் வேலை பார்ப்பவர். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அந்த நாட்டின் பண்பாடு, மொழி, தேசிய அடையாளம் என்று பேசுவார். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் போவேன். செங்கல்பட்டைத் தாண்டாதவனுக்கு வேறு எந்த வழியில் போலந்தும் ஜப்பானும் கிடைக்கும்?

போன ஞாயிறு மாலை ஜப்பான் படம். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். மனைவி கமலாவைக் கெஞ்சி அழைத்துப் போனேன். கிரேஸ் டீச்சரும் வந்திருந்தார். இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

கிரேஸ் டீச்சரின் மகனைத்தான் என் மகள் உமா கட்டிக்கொள்ள விரும்புகிறாள். மதம் என்கிற மலையை இரண்டு வீடும் எப்படியோ ஏறி இறங்கிவிட்டோம். ரிஜிஸ்டர் கல்யாணம், பிறகு அவர்கள் சர்ச்சில் ஒரு ஜெபம் என்று முடிவாகியிருந்தது. கடைசியில் எல்லாம் ஒரு புடவையில் வந்து நின்றுவிட்டது. சர்ச்சுக்குப் பெண் வெள்ளைப் புடவையில் வர வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

"முடியாது" என்றாள் கமலா.

கமலாவின் அக்கா சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து வெள்ளைக்கு மாறியவர். அதைக் கூடவே இருந்து பார்த்தவளிடம் என்ன வாதம் செய்வது? உமாவோ, "அம்மா சம்மதிக்காம பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சோற்றைப் பிசைவாள், சாப்பிட மாட்டாள்.

ஹாலில் எனக்கு ஒரு பக்கம் கமலா, மறுபக்கம் டீச்சர். பேச்சே இல்லை. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் மாட்டிய சைக்கிள் மாதிரி நான்.

"இங்கிலீஷ் எழுத்து ஓடற பிரிண்ட் வரலை, மன்னிக்கணும். முகத்தைப் பார்த்துப் புரிஞ்சிக்குங்க" என்றார் செயலாளர்.

"இன்னா சார், பாட்டாவது கீதா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு மீனவ ஊர். அம்மாவும் மகளும் வலை பின்னுகிறார்கள். சாப்பிடுகிறார்கள். மறுபடி வலை. அப்புறம் ஒரு காலையில் அந்தப் பெண் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்து வாசலுக்கு வருகிறாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"ஐயோ, சின்னப் பொண்ணு! புருஷன் எப்பங்க போனான்?" என்றாள் கமலா, ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அதே நேரத்தில் என் இன்னொரு காதில் டீச்சர், "கல்யாணப் பொண்ணு சார். எவ்ளோ லட்சணமா இருக்கா பாருங்க!"

இருவரும் என்னைத் தாண்டி எட்டி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர். உடனே இருவரும் திரைக்குத் திரும்பினார்கள்... யார் சொன்னது சரி?

பெண் படகில் ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா இறந்தாள். அவளுக்கும் வெள்ளைத் துணி.

"நான் சொல்லல?" என்று கமலா முணுமுணுத்தாள். 

விளக்கைப் போட்டார்கள். அந்த ஹாலில் இதுவரை நான் வாயைத் திறந்ததில்லை. அன்று எழுந்து நின்றேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டேன்.

"சார்... அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் போனாளா? இல்ல..."

"கல்யாணத்துக்குத்தான் சார். ஆனா அங்க சாவுக்கும் வெள்ளைதான். கல்யாணத்தோட பொறந்த வீட்டுக்கு அவ இல்லைன்னு ஆயிடறா, அதுக்குத்தான் அந்த வெள்ளைன்னு அங்க சிலர் சொல்றாங்க."

பிறகு அவர் தேசிய அடையாளத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குமேல் எதுவும் ஏறவில்லை.

ஒரே துணி. ஒரு வீட்டுக்கு அது வாழ்வு, ஒரு வீட்டுக்குச் சாவு. எங்கோ கடலுக்கு அப்பால் இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஜப்பானைத் தெரிந்துகொள்ளப் போனவன் நான். தெரிந்துகொண்டது யாரை? இத்தனை வருஷம் கூடவே இருந்த கமலாவை. அவள் பயம் வெறும் நிறத்தைப் பற்றியதா? பெண் வீட்டை விட்டுப் போகிறாளே என்ற துக்கமும் அந்தப் புடவைக்குப் பின்னால்தானே நின்றிருந்தது!

வெளியே வந்து மூவரும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நடந்தோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கமலாதான் ஆரம்பித்தாள்.

"டீச்சர், ஒங்க கல்யாணத்துல ஒங்க அம்மா அழுதாங்களா?"

"அழுதாங்களாவா? போட்டோல அம்மா மூஞ்சியே கிடையாது கமலா. முந்தானைதான் இருக்கு."

கமலா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஊர்க்காரங்க வெளிப்படையா சொல்லிட்டாங்க. நாம மஞ்சளைப் பூசி மறைக்கறோம்" என்றாள்.

 டீச்சர் மெல்ல, "பார்டர் கலரா இருக்கலாம். எங்க பாஸ்டர் என்ன புடவைக் கடையா வெச்சிருக்காரு?" என்றார்.



மறுநாள் டீச்சர் லீவு போட்டார். அவரும் கமலாவும் மின்சார ரயிலில் மாம்பலம் போய், ஒல்லியாகச் சிவப்பு பார்டர் வைத்த வெள்ளைப் பட்டு ஒன்று எடுத்து வந்தார்கள்.