மேளமில்லாமல் எடுத்த சாவு

முதியோரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சமூகப் பணியாளர்களைத் தயார் செய்த பயிற்சி அது. வகுப்பு கள்ளக்குறிச்சியில், களப்பணி கச்சிராயபாளையம் பக்கத்து ஊரில். எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மாவுக்கு ஒரே பாட்டுதான்: பெரியவருக்கு என்ன வேண்டுமென்று மகனைக் கேட்காதே, மருமகளைக் கேட்காதே, அவரையே கேள், கேட்டுவிட்டால் செய். எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்த அம்மாவோடு நாங்கள் களப்பணிக்குப் போன நேரம் பார்த்து இடஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, திரும்ப வழியில்லை. போலீஸ் வீடு புகுந்து ஆண்களை அள்ளிப் போனது. தப்பியவர்கள் கரும்புக் காட்டுக்கும் மலைக்கும் ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளோடு தாய்வீடு போய்விட்டார்கள். ஊரில் மிச்சம், ஓட முடியாத கிழங்களும் தெருமுனையில் நின்ற போலீஸும்தான்.

கடைசி வீட்டில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாத பெரியவர் ஒருவர் கிடந்தார். தலைமாட்டில் தண்ணீர்க் குடமும் புளித்த கூழும். முதுகுப்புண் நாறியது. மகன் எங்கே என்றேன். டீ குடிக்கப் போயிருக்கிறானாம், இப்போது வந்துவிடுவானாம். ஊரில் டீக்கடையே திறக்கவில்லை, யாரிடம் கதை விடுகிறார் என்று எனக்கு எரிச்சல். பிறகுதான் உறைத்தது, எங்களைப் போலீஸின் ஆட்கள் என்று நினைத்திருக்கிறார். தண்ணீர்கூட எங்கள் கையால் வாங்கவில்லை.

பாடம் எடுத்த அம்மா மகனைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் புண்ணைக் கழுவினார். தினமும் போனோம். மெல்ல மெல்லக் கஞ்சி குடித்தார். ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி ஏது? ஒரு மாலை, பாடம் ஒப்பிப்பவன் மாதிரி அவரையே கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டுமென்று.

"நான் செத்துப் பூட்டா மேளம் அடிக்கக் கூடாது. சத்தம் கேட்டா புள்ள ஓடியாந்துருவான். முனையில நின்னுகினு இருக்கிறவங்க புடிச்சிக்கினு பூடுவாங்க."

இதென்ன பேச்சு என்று அதட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

மறுநாள் காலை போனபோது உயிர் இல்லை. அடுத்த ஊர் மேளத்துக்குச் சொல்லட்டுமா என்று பக்கத்து வீட்டுக் கிழவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர்தான் பங்காளி முறையில் கொள்ளி வைத்தார். வாய்விட்டு அழக்கூட ஆளில்லை.

போலீஸ் போன பிறகு மகன் வந்தார், தாடியும் கிழிந்த சட்டையுமாக. அப்பா கேட்டதையும் நான் செய்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஊட்டுப் பின்னாடி கரும்புலதாங்க இருந்தேன். பொகையப் பாத்தேன். மேளம் கேக்கல. யாரோ காஞ்ச கரும்புச் சோகை கொளுத்துறாங்கன்னு நெனச்சிக்கினு அங்கயே குந்தியிருந்தேங்க."