பவுடர் படித்த ஜெர்மன்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் சரி, பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது ஒருவர் மாமாவைக் கிளப்பி விடுவார்கள். "அந்த ஜெர்மன் நாய்க் கதையச் சொல்லுங்க." அவ்வளவுதான். அம்மாவின் தம்பியான அவர், அறுபதைத் தாண்டியும் குரலில் ஒரு பிசிறு விழாதவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். புதிதாக வந்த மருமகன்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். அந்த நாய் என்னுடையது.

எண்பதுகளில் நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. மாமா எங்கள் வீட்டில் தங்கி, ஒரு பஞ்சாலையின் கெஸ்ட் ஹவுஸில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதை வெளியில் 'மில்லில் உத்தியோகம்' என்று சொல்லிக்கொள்வாள். ஆனால் அது டெம்ப்ரரி. நாளையிலிருந்து வராதே என்றால் போகக்கூடாது, அப்படிப்பட்ட உத்தியோகம். தேவதானத்தில் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை பெர்மனென்ட் ஆனால்தான் பந்தக்கால் நடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமி கும்பிட்டதும் சகுனம் பார்த்ததும் சண்டை போட்டதும் அந்த ஒரு பெர்மனென்ட்டுக்காகத்தான். அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர். அப்பாவுக்கு மச்சினன் என்றால் தலைவலி. ஆனாலும் கல்யாணம் முடிந்தால் இடத்தைக் காலி செய்வான் என்று அவரும் வேண்டிக்கொண்டுதான் இருந்தார்.

பவுடர், அப்பாவின் சிநேகிதர் வீட்டு நாய் போட்ட குட்டி. எங்கள் ஊர் வேட்டைநாய் ஜாதி. ரோஸ் நிற மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சுத்த வெள்ளை. பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டியது போல் இருக்கிறதே என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். வேலிக் கம்பியில் மாட்டி அதன் இடது காது நுனி இரண்டாகக் கிழிந்திருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். வேறு யார் கூப்பிட்டாலும் யோசித்துத்தான் எழுந்திருக்கும், எனக்கு மட்டும் யோசிக்காது.

மில்லுக்குப் புது மெஷின் வந்தது. அதை மாட்டி ஓடவிட்டுக் காட்டுவதற்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து, மாதக்கணக்கில் அந்த கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். நல்ல உயரம். எங்கள் வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் கிடக்கிறாரே என்று மாமா பவுடரைக் காட்டக் கொண்டுபோனார். சைக்கிளின் முன்பாரில் நான், கூடவே ஓடிவந்தது பவுடர். மனிதர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாயின் பல்லைப் பார்த்தார், காலைத் தடவினார், கிழிந்த காதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அவர் ஊரில் இரண்டு நாய் வளர்த்தாராம். இரண்டுமே இப்போது இல்லையாம்.

மூன்றாவது ஞாயிறு மாமா வீட்டுக்குள் குதித்துக்கொண்டு வந்தார். "யக்கா, வெள்ளக்காரரு நாயக் கேக்காரு. போறப்ப கூடவே கொண்டு போறாராம். மொதலாளிகிட்ட அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் பெர்மனென்ட்." அம்மா உடனே சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நாய் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நான் அழுது புரண்டேன். மாமா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "ஏட்டி மருமகளே, நம்ம தெருவுல எவனாவது ப்ளேன்ல போயிருக்கானா? ஒன் நாயி போவப் போவுது. மாசாமாசம் போட்டோ வரும்" என்றார். சொன்னால் வெட்கம், அந்தப் பெருமைக்கு நான் மயங்கித்தான் போனேன்.

அப்புறம் ஆரம்பித்தது பாடம். ஜெர்மன்காரர் பவுடருக்குச் சொல்லிக்கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். 'கொம்' என்றால் வா, 'ஸிட்ஸ்' என்றால் உட்கார். இதெல்லாம் சுலபம். ஆனால் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு சொல்தான், 'லஸ்'. பவுடர் அவர் செருப்பைக் கவ்விக்கொண்டால் "லஸ்!" என்பார், கீழே போட வேண்டும். குழி தோண்டினால் "லஸ் தஸ்!" என்பார், நிறுத்த வேண்டும். தோட்டக்காரர் ஓடிவந்து அவர் பெட்டியைத் தூக்கப் போனால், நானே தூக்குகிறேன் என்பதற்கு அதிலேயே ஒன்று. கதவு திறந்தபடியே இருக்கட்டும் என்பதற்கும் அதுதான். வாங்க போகலாம் என்பதற்கும் அதுதான் முன்னால் வந்து நிற்கும். ஒரு நாள் முடி வெட்டிக்கொண்டு வந்தவர் தலையைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார், அதன் வாலிலும் 'லஸ்ஸன்'. வெட்டினது முடிதிருத்தும் கடைக்காரர், இவர் தலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார், அதற்குக்கூட அதே சொல்லா என்று எனக்கு ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது அப்படியொன்றும் அதிசயமாகத் தெரியவில்லை. நாம் 'விடு' என்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட தங்கச்சி போலத்தான் இருந்தது. கதவைத் திறந்து விடுகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம், குழம்பில் தண்ணீர் விடுகிறோம். கதை விடுவதற்கு அவர்கள் அந்தச் சொல்லை வைத்திருந்தார்களா தெரியவில்லை. எங்களுக்கு அதற்கு மாமா இருந்தார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் வீட்டையே படாதபாடு படுத்தினேன். அப்பா கையிலிருந்து பேப்பரைப் பிடுங்க லஸ், அம்மா தலை வாரும்போது இழுத்தால் லஸ் தஸ். "வாயிலயே ரெண்டு போடுவேன், தமிழ்ல பேசுட்டி" என்பாள் அம்மா. ஆனால் நாயிடம் மட்டும் யாரும் தமிழ் பேசக்கூடாது. அது மாமா போட்ட சட்டம். "அங்க எவன் தமிழ் பேசப் போறான்? இப்பமே மறந்துட்டா பொறவு கஷ்டப்படாதுல்லா?" நியாயமாகத்தான் பட்டது. அம்மா சோற்றுச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, "கொம்... கொம்..." என்பாள். அப்பாவுக்கு நாக்கு புரளவில்லை. அவர் நாயோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். இந்த இடத்தில்தான் விசேஷ வீடுகளில் கூட்டம் உருண்டு சிரிக்கும். நான் அந்தச் சட்டத்தை ஒரு தரம்கூட மீறவில்லை. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் காலடியில் படுத்திருப்பதைத் தடவும்போதுகூடத் தமிழ் பேசவில்லை. போகிற இடத்தில் அது மொழி தெரியாமல் முழிக்கக் கூடாதே என்றுதான். பவுடரும் தமிழை மெல்ல மெல்ல விட்டுவிட்டது. கடைசியில் தெருப்பையன்கள் என்ன கத்தினாலும் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டது.

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் கிளம்பும் நாள் நெருங்கியபோது மாமா ஒரு டெம்போவில் வந்து பவுடரை ஏற்றிக்கொண்டார். ப்ளேனில் ஏற்றும் முன் டாக்டர் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும், அதற்காக முன்னாடியே மெட்ராஸுக்குப் போகிறது என்றார். நான் "கொம்" என்று கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். "ஸிட்ஸ்" என்றேன், உட்கார்ந்துகொண்டது. டெம்போ திரும்பும்வரை உட்கார்ந்தபடியேதான் இருந்தது.

கிளம்பும் அன்று என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஜெர்மன்காரர் ஒரே பிடியாக நின்றாராம். மாமா வேண்டாவெறுப்பாக என்னைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் உபதேசம். "வாயத் தொறக்கப்படாது, என்ன? பெரிய மனுசங்க நிப்பாக. தலைய மட்டும் ஆட்டு." கார் தயாராக நின்றது. மில் மேனேஜர் மாலையோடு நின்றார். ஜெர்மன்காரர் என் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நாயைக் கொண்டுபோகிறவர் இவர் எதற்கு அழுகிறார் என்று நினைத்தேன், அதற்குள் எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா சொன்னதெல்லாம் மறந்துபோய், தெரிந்த ஜெர்மனையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "பவுடர்... நிஷ்ட் லஸ்ஸன்" என்றேன். பவுடரை விட்டுவிடாதீர்கள் என்று அர்த்தம், என் கணக்கில். அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு நீளமாக என்னவோ சொன்னார். அதில் 'லஸ்ஸன்' மட்டும் எனக்குப் புரிந்தது. விடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பையிலிருந்து சிவப்புத் தோலில் செய்த புதுக் கழுத்துப் பட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்து மூடினார். கார் போய்விட்டது.

கொஞ்ச நாளில் மாமா பெர்மனென்ட் ஆனார். தேவதானத்தில் தேதி குறித்தார்கள். போட்டோ மட்டும் வரவில்லை. கேட்டால், கடல் தாண்டி வர வேண்டாமா என்பார் மாமா.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போனோம். மேனேஜரின் சொந்த ஊர் அது. ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு பெருமாள் கோயில் குன்று, அங்கே போகிற வழியில் அவருக்கு ஒரு மாந்தோப்பு. புது மாப்பிள்ளை குடும்பத்தோடு வா என்று மாமாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் தோப்புக்குள் நுழையும்போதே கூச்சல். கட்டிப்போட்டிருந்த நாய் விருந்தாளி ஒருவரின் புதுச் செருப்பைக் கவ்விக்கொண்டதாம். தோப்புக் காவல்காரர் வேப்பங்கம்பால் அதை வெளுத்துக்கொண்டிருந்தார். "விடு! ஏலே, விடுங்கேன்ல!" ஒவ்வொரு விடுவுக்கும் ஓர் அடி. அது பல்லை இறுக்கிக்கொண்டு, எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. மேனேஜர் மாமாவிடம் சிரித்தபடியே குறைப்பட்டுக்கொண்டார். "செவிட்டு நாயத் தலையில கட்டிட்டியேப்பா. டைகர் டைகர்னு தொண்ட கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டேங்குது." மாமா அசரவே இல்லை. "சுத்த வெள்ளையில செவிடு விழறது உண்டு சார். காவலுக்கு மூக்கு போதாதா?"

உடம்பெல்லாம் எலும்பு. வெள்ளையே தெரியாத அழுக்கு. ஆனால் இடது காது நுனி இரண்டாகக் கிழிந்திருந்தது. நான் ஓடினேன். "லஸ்!" என்று கத்தினேன். செருப்பு பொத்தென்று விழுந்தது. அது என்னைப் பார்த்தது. சங்கிலி முழு நீளத்துக்கும் பாய்ந்து, கழுத்து இறுகி, பின்னங்காலில் நின்றுகொண்டு ஊளையிட்டது. "பவுடர்" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா என் தொடையைத் திருகிவிட்டாள். "வாயத் தொறந்த, மாமா வேல போயிரும்" என்று காதுக்குள் சொன்னாள். மாமா சத்தமாக, "அடி தாங்காம விட்டுருச்சு சார்" என்றார். இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பாகூடச் சாப்பிட்டார்.

பஸ்ஸில் மாமா எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னார். ஜெர்மனியில் குளிர் நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை, வெள்ளைக்காரர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார், அவர் கழித்த நாய் என்று தெரிந்தால் மேனேஜர் கோபப்படுவார். நான் நம்பினேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மாமா மேல் கோபமே வரவில்லை, கோபமெல்லாம் அந்த ஜெர்மன்காரர் மேல்தான். விடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு விட்டவன். படுபாவி. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிவப்புப் பட்டையைத் தூக்கிக் கிணற்றில் எறிந்தேன். மழைக்காலம் வருவதற்குள் மேனேஜர் அந்த நாயை யாருக்கோ தள்ளிவிட்டார் என்று ஒரு நாள் மாமா சோறு பிசைந்தபடியே சொன்னார். செவிட்டு நாயை யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்பது அவருக்கும் தெரியாதாம்.

என் மகளின் காதுகுத்தில்தான் மாமா முதல்முறையாகக் கதையின் மிச்சத்தையும் சொன்னார். மேனேஜர் செத்துப்போய்விட்டார், இவரும் ரிட்டையர் ஆகிவிட்டார், இனி யாருக்குப் பயம்? "வெள்ளக்காரரு இன்னைக்கு இருப்பாரு, நாளைக்குப் போயிருவாரு. மேனேஜரு இங்கனயே கெடக்கிறவரு, அவருக்குத் தோப்புக்கு ஒரு நாய் வேணும். யோசிச்சேன். வெள்ளக்காரர்ட்ட நாய் பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சுன்னேன். மேனேஜர்ட்ட கூமாப்பட்டியில வாங்குன புது நாயின்னேன். இவகிட்ட ப்ளேன் ஏறிருச்சுன்னேன். ஒத்த நாய், மூணு பேரு!" பந்தலே அதிரும்படி சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

"அப்ப அவரு அழுதது?" என்று கேட்டேன். சத்தத்தில் மாமாவுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன். "அவியளுக்கு நாயின்னா அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஜெர்மன்காரர் அன்று நீளமாக என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. செத்துப்போன நாய்க்காக ஒரு பெரிய மனிதர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். நானோ உயிரோடு இருக்கும் நாயை விட்டுவிடாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். அன்று மாமாவின் சைக்கிளில் திரும்பி வரும்போது அந்தச் சிவப்புப் பட்டையை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாய் அவரோடு போகிறது, கழுத்துப் பட்டையை ஏன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.