அண்ணனுக்குப் புரிந்த செய்தி

எங்கள் அறிவியல் செய்தித் தளத்தின் வரலாற்றை ஊர்த் தமிழ்ச் சங்கத்தினர் தங்கள் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். என்னத்தை எழுதுவது? ஈப்போவில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் உணவகத்தின் மாடியில் நானும் என் தோழியும் தொடங்கினோம். இருவரும் சித்தியவான் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது.

எங்களுக்கு ஒரு வழக்கம். எதை எழுதினாலும் வெளியிடுமுன் கீழே இறங்கி, உணவகம் நடத்தும் அண்ணனிடம் வாசித்துக் காட்டுவோம். அவருக்குப் புரிந்தால்தான் தளத்தில் ஏறும்; இல்லையென்றால் திருத்தி மறுபடி வாசிப்போம். கருந்துளையைப் பற்றி வாசித்தபோது, "பசியோட வந்த ஆளுக்கு இது ஏறாதுலா, தங்கச்சி," என்று சொல்லிவிட்டு ரொட்டி எடுக்கப் போய்விட்டார். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அவர் தலையாட்டிய கட்டுரைகளைத்தான் ஜனங்கள் படித்தார்கள்.

பிறகு தோழி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். வாசித்தவர்கள் கட்டுரையை அப்படியே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். தளத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. விளம்பரங்களும் நின்றன. ஒருத்தியாகவே எழுதி, படம் தேடி, ஓய்ந்துபோனேன்.

அப்போதுதான் சிம்பாங் பூலாயில் மூலிகைப் பொடி விற்கும் ஒருவர் வந்தார். தளத்தை வாங்கிக்கொள்கிறேன், பெயரை மாற்ற மாட்டேன், நீங்களே ஆசிரியராக இருங்கள் என்றார். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்தது. சரியென்றேன். முதல் கட்டுரையை அவரே அனுப்பினார்: சர்க்கரை வியாதியை வேரோடு அறுக்கும் பொடி. பொய் என்று படித்ததுமே தெரிந்தது. இருந்தாலும் வழக்கப்படி கீழே இறங்கினேன். அண்ணனும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்தான். இதெல்லாம் ஒரு செய்தியா என்று அவரே தள்ளிவிடுவார், பொடிக்காரரிடம் மறுக்கும் வேலை எனக்கு மிச்சம் என்று நினைத்தேன்.

அவர் கடைசிவரை கேட்டார்.

"இதான் தங்கச்சி, ஒரே தடவையில புரிஞ்சிருச்சு. நீங்க போடுறதுன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப மாத்திரைய நிப்பாட்டிரலாமா?"

"வேணாண்ணே. நிப்பாட்டிராதீங்க. இது பொய்."

"பொய்யா? அப்புறம் ஏன் வாசிச்சீங்க?"

அவர் முன்னாலேயே பொடிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, தளத்தைத் தர முடியாது என்று சொன்னேன். அந்த மனிதர் கத்தியதெல்லாம் அண்ணன் காதிலும் விழுந்தது. அவர் மேசையில் கிடந்த தன் மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே தளத்தை மூடினேன். இத்தனை வருடத்தில் அவருக்கு முதல் வாசிப்பிலேயே புரிந்தது, நான் எழுதாத அந்த ஒன்றுதான்.