கேள்விக்குக் கட்டம் இல்லை

நகராட்சி அலுவலகத்தில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பஸ் ஸ்டாப்பை சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, நடைபாலம் கட்டலாம் என்று நகராட்சி யோசித்தது. முடிவெடுக்குமுன் மக்களின் கருத்தைக் கேட்க இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். மூன்றே வாரத்தில் 2,316 பதிவுகள். ஒவ்வொன்றையும் படித்து ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை என்று ஏதாவது ஒரு கட்டத்தில் போடுவது அவள் வேலை.

முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் தொடங்கிய பேச்சு பத்தாவது பதிவில் யாருடைய பாட்டனுக்கோ போய்விடும். உமியை ஊதி ஊதி அரிசி பொறுக்குகிற கதை. இரண்டாம் நாள் ஓர் அரிசி கிடைத்தது:

“வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு வர்றேன். முடிச்சுட்டு வெளிய வந்தா கால் நடுங்கும். பாலத்துல ஏறுறப்போ நடுவுல உட்கார இடம் இருக்குமா?”

ஆதரவுமில்லை, எதிர்ப்புமில்லை. கீழே யாரும் பதில் போட்டிருக்கவில்லை. ‘மற்றவை’யில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் கண் இப்படிப்பட்டதையே தேடியது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்து மூன்று கேள்விகள் சேர்ந்துவிட்டன.

பட்டியலோடு சூப்பிரண்டிடம் போனாள். நல்ல மனிதர்தான், வம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பவர்.

“சார், இதெல்லாம் அறிக்கையில போகுமா?”

“மற்றவைன்னு எண்ணிக்கை போகும்மா.”

“எண்ணிக்கை போகும். கேள்வி?”

“கேள்விக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. வந்தோமா, எண்ணினோமா, போனோமான்னு இரு.”

அன்று மாலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய் நறுக்குவாள், கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைத் திறப்பாள், மூடுவாள். கடைசியில் ஒரு புனைபெயரில், டயாலிசிஸ்காரரின் பதிவுக்குக் கீழே எழுதினாள்: “இவருக்கு யாராவது பதில் சொல்லலாமே?”

கால் மணி நேரத்தில் ஏழு பதில்கள். ஏழும் அவளுக்குத்தான். ‘நீ யாரோட ஆளு?’, ‘ரெண்டு பக்கமும் தாளம் போடுறியா?’, ‘போலிக் கணக்கு.’

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான கணவர் எட்டிப் பார்த்தார். “தேவையா உனக்கு? வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிறே.”

“ஒருத்தர் உட்கார இடம் கேட்டாரு. அதை விட்டுட்டு ஏழு பேரு என் ஜாதகத்தைக் கேட்கிறாங்க.”

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சரி, அவருக்கு யாருதான் பதில் சொல்லணும்?”

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் சொல்ல வேண்டியவர்கள் புதன்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருவார்கள். குறிப்பெழுத அவளும் அங்கே இருப்பாள். தெரிந்ததுதான் வினையாயிற்று. நான்கு நாளும் அந்தப் பட்டியலைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள்.

கூட்டத்துக்கு இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். பொறியாளர் படம் காட்டினார். சூப்பிரண்டு வாசித்தார்: ஆதரவு 1,204, எதிர்ப்பு 897, மற்றவை 215.

“கேள்வி ஏதாவது உண்டா?” என்று கேட்டுவிட்டு நகராட்சித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குறிப்பெழுதிக்கொண்டிருந்த அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். சூப்பிரண்டு முகம் வெளிறிப்போனது.

“நீங்க குறிப்பு எழுதறவங்கதானே?” என்றார் தலைவர்.

“ஆமா மேடம். நானும் தினம் அந்த ஸ்டாப்புலதான் இறங்குறேன்.”

தலைவர் மைக்கை அவள் பக்கம் தள்ளினார். “சொல்லுங்க.”

மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து வாசித்தாள். ஸ்ட்ரெச்சர் எப்படிக் கடக்கும், மழையில் வழுக்குமா, கண் தெரியாதவருக்குக் கைப்பிடி உண்டா என்று நாற்பத்து மூன்றையும் முடித்தாள். பொறியாளரால் நான்குக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது.

“முடிவை ஒரு மாசம் தள்ளி வைப்போம்,” என்றார் தலைவர். “எல்லாத்துக்கும் எழுத்துல பதில் குடுங்க.”

அவள் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினாள்: ‘பார்வையாளர் ஒருவர் 43 கேள்விகளை வாசித்தார்.’ பிறகு ‘பார்வையாளர் ஒருவர்’ என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

மறுநாளே மெமோ வந்தது. பணி வரம்பை மீறிப் பேசியது ஏன்? அவள் ஒரே வரியில் விளக்கம் கொடுத்தாள்: ‘கேள்வி உண்டா என்று கேட்கப்பட்டது, இருந்தது.’ சூப்பிரண்டு அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஃபைலில் வைத்தார்.

ஒரு மாதத்தில் முப்பத்தொன்றுக்கு அந்த இணையப் பக்கத்திலேயே பதில் வந்தது. பாலத்தின் வரைபடத்தில் ஒரு லிஃப்டும், நடுத்தளத்தில் இரண்டு இருக்கைகளும் சேர்ந்தன. பஸ் ஸ்டாப் எப்படியும் இடம் மாறத்தான் போகிறது. அவளையும் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் அவளால் இருக்க முடிவதில்லை. இன்னும் பன்னிரண்டு பதில் பாக்கி.