மீன் கடையில் தொண்ணூற்றொன்பது சதவீதம்

ஒரு கம்ப்யூட்டருக்குக் கெடு வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம், கேளம்பாக்கத்தில், ஒரு மீன் கடையில்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனர், மெஸ், லாட்ஜ் என்று சுற்றியதில் எந்த ஊரிலும் என் பாய் ரொம்ப நாள் விரிந்திருந்ததில்லை. இப்போதைக்கு அது விரிந்திருப்பது முடிச்சூரில், நண்பன் பிரகாஷின் அறையில்.

பிரகாஷ் நாவலூரில் பார்த்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறான். முதல் கஸ்டமர், மீன் கடை மலர் அக்கா. ஒரே கஸ்டமரும் அவர்தான். அவர் 'வேண்டாம்' என்றால், பிரகாஷ் மறுபடியும் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நாவலூர் பஸ் ஏற வேண்டும்.

போன் நம்பரைத் தட்டினால் போதும். அந்த வீட்டுக்கு என்ன மீன், குழம்புக்கா வறுவலுக்கா, தலை வேண்டுமா வேண்டாமா... எல்லாம் டேட்டாபேஸிலிருந்து வந்து நிற்கும். சனிக்கிழமை அதற்கு டெஸ்ட்.

"மச்சான்," என்று பிரகாஷ் விளக்கினான், "இதுல கேஷ்னு ஒண்ணு இருக்கு. காசு இல்ல, இது வேற. பலகைமேல இருக்கற மீனை அக்கா டக்குனு எடுத்துத் தராங்க இல்ல? அதான் கேஷ். பலகைல இல்லன்னா உள்ள போய் ஐஸ் பெட்டிய தோண்டணும். நூறு தடவை கேட்டா எத்தனை தடவை பலகையிலயே கெடைக்குது? அதான் ஹிட் ரேஷியோ."

டெஸ்ட்டுக்கு ஒரு நம்பர் கேட்டான். என் நம்பரைச் சொன்னேன். அதையே ஓயாமல் தேடும்படி ஒரு புரோகிராம் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் — தொண்ணூற்றொன்பது சதவீதம்! கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிறு. வரிசை ரோடு வரை நின்றது. நம்பரைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... சங்கரா மீன் வாங்க வந்தவர் கொட்டாவியே விட்டுவிட்டார்.

"இன்னா தம்பி, உன் மிஷினு மீனு புடிக்கவே போய்க்கீதா?" என்றார் மலர் அக்கா.

பிரகாஷ் திரையைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, பாருங்க, இப்பவும் தொண்ணூத்தொம்பது!"

"அப்போ இங்க நிக்கிற அம்மாம் பேரும் அந்த மீதி ஒண்ணா?"

"அந்த ஒண்ணுல நான்தான்கா ஃபர்ஸ்ட்டு" என்றார் கொட்டாவிக்காரர்.

மலர் அக்கா சிரிக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழமையும் இப்டி சுத்துச்சினா, இத்த ஐஸ் பெட்டில போட்டு மூடிடுவேன்."

அதுதான் கெடு.

அறைக்கு வந்த பிறகுதான் பிரகாஷுக்கு உறைத்தது. "சனிக்கிழமை உன் நம்பரைத் தேடின கணக்கும் இதுலயே சேர்ந்திருக்கு மச்சான். ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பக் கேட்டா, அது எப்பவும் பலகைமேலயேதானே இருக்கும்! அந்தக் கும்பல்ல, இன்னிக்கு வந்தவங்க கண்ணுக்கே தெரியல."

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நான் வேலை பார்த்த மெஸ்ஸில் முதலாளி தினமும் என்னைத்தான் கேட்பார், "சாம்பார் எப்படி?" முந்தின ராத்திரி பட்டினி கிடந்தவன் என்ன சொல்வான்? "சூப்பர் முதலாளி!" காசு கொடுத்துச் சாப்பிட்டவர்களை அவர் கேட்டதே இல்லை. மெஸ்ஸை மூடும் நிலை வந்தபோது ஆச்சரியப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பிரகாஷ் பழைய கணக்கை அழித்தான். அந்த வாரம் நிஜமாகக் கடைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து அளந்தான். நாற்பதைத் தாண்டவில்லை. முகம் தொங்கிவிட்டது. ஆனால் காரணம் கிடைத்தது — டேட்டாபேஸுக்கு ஒதுக்கியிருந்த மெமரி துளியூண்டு. பலகையே சின்னது! அதைப் பெரிதாக்கினான். ஞாயிறு காலை, கடை திறக்கும் முன்பே வாடிக்கைக்காரர்களின் நம்பர்களையெல்லாம் ஒரு தடவை தேட வைத்து, பலகையை நிரப்பியும் வைத்தான். இந்தத் தடவை அந்தத் தேடலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே வரிசை. அதே கொட்டாவிக்காரர். அவர் நம்பரைத் தட்டியதும்... வாயைத் திறக்கும் முன் பில் வந்துவிட்டது. அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும். பிரகாஷ் மட்டும் கல்லாவை ஒட்டி நின்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தொண்ணூத்தி மூணு! நெஜமான தொண்ணூத்தி மூணு! மிஷினை வெச்சிக்கிறீங்களா?"

மலர் அக்கா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மிஷினு இர்க்கட்டும். நீதான் குறுக்கால நின்னுகினு கீற. நவுரு!"