ஐஸக்காவின் இன்சுலின்

என் அக்காவை மீன் சந்தையில் எல்லோரும் ஐஸக்கா என்பார்கள். அவள் கடையில் மீனைவிட ஐஸ்தான் அதிகம் என்று கிண்டல். இருக்கட்டும். சாயங்காலம் வாங்கினாலும் அவள் மீன் காலையில் வந்த மாதிரியே இருக்கும்.

அவளுக்குச் சர்க்கரை முற்றியபோது ஆஸ்பத்திரியில் இன்சுலின் மருந்தைக் கையில் கொடுத்து, "குளிர்ச்சியா வைங்கம்மா, புரிஞ்சுதா?" என்றார்கள். காலமெல்லாம் குளிர்ச்சியோடு குடித்தனம் நடத்தியவளுக்குப் புரியாதா? கடையில் ஐஸ் வைக்கும் ஃப்ரீசரின் அடியில், எது வைத்தாலும் கெடாத இடத்தில், பத்திரமாக வைத்தாள். தினமும் எடுத்து, உருகவிட்டு, ஊசி போட்டுக்கொண்டாள். உறைந்தால் இன்சுலின் வீண் என்று எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை.

சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "ஊசி போடாம ஏமாத்துறீங்க" என்றார். ஒரு நாள்கூட விடாமல் வயிற்றில் குத்திக்கொண்டவளிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காதான் என் கையைப் பிடித்து, "பெரிய படிப்பு படிச்சவங்க, விடுடி" என்றாள். அளவைக் கூட்டி அனுப்பிவிட்டார்கள். மருந்தை எங்கே வைக்கிறாய் என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டிருக்கலாம்.

மீன் முள் குத்திய புண் ஆறாமல், கடைசியில் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இறுக்கம் இல்லாமல் ரத்தம் ஓடி மிச்சக் கால் தேறினால்தான் அவள் மறுபடி கடையில் நிற்க முடியும். மருந்து வீட்டில் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டபோதுதான் ஃப்ரீசர் கதை வெளியே வந்தது. "இதுகூடத் தெரியாதாம்மா?" என்றாள் நர்ஸ். தெரியாது. அதைச் சொல்லத்தானே உங்களுக்குச் சம்பளம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதே நர்ஸ் நின்றவாக்கில் மடமடவென்று ஒப்பித்தாள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, காயத்தில் தண்ணீர் படக் கூடாது, இன்னும் ஏதேதோ. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் எழுந்து வழியை மறித்தேன்.

"வீட்டுக்குப் போய் என்ன செய்வான்னு அவ வாயால சொல்லட்டும். கேட்டுட்டுப் போம்மா."

"எனக்கு இன்னும் பத்துப் பேர் காத்திருக்காங்கக்கா."

"அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அக்கா எங்கள் சண்டையைப் பார்த்துச் சிரித்தாள். "இதுல என்னடி இருக்கு? காயத்துல தண்ணி படக் கூடாது, அவ்வளவுதானே. நாளையிலேர்ந்து ரப்பர் பூட்ஸை இறுக்கமா மாட்டிக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் கழட்டாம கடையில நிப்பேன்."

நர்ஸின் முகம் வெளுத்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் எதிரே உட்கார்ந்தாள்.