கேட்காமல் எடுத்த படம்

தையல்காரியின் மகள் துணிகளில் அச்சிடும் வடிவங்களை உருவாக்கும் படிப்பில் கடைசி வருடத்தில் இருந்தாள். பூ வரைந்தாள், இலை வரைந்தாள், ஒன்றும் தேறவில்லை. ஆசிரியை தாள்களைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் கடையில மலிஞ்சு கெடக்கு. உனக்கு மட்டும் தெரிஞ்சதா ஏதாவது கொண்டா" என்றார்.

அவளுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தது. அம்மாவின் கைகளில் தோள் முதல் மணிக்கட்டு வரை வெண்திட்டுகள். துணி தைக்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் அம்மா முழுக்கைச் சட்டைதான் போடுவாள். மகள் மட்டும் இருக்கும்போது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்வாள். ஒரு மதியம் அப்படியே அசந்து தூங்கியவளை மகள் போனில் நாலைந்து படம் எடுத்தாள்.

திட்டுகளின் ஓரங்களைப் படியெடுத்து, துணி முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு கட்டத்துக்குள் அடுக்கினாள். ஒரு கட்டம் அடுத்த கட்டத்தோடு சேருமிடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதற்கே மூன்று வாரம் பிடித்தது. தவிட்டு நிறத்தில் பால்வெள்ளைத் திட்டுகளாகத் துணி அச்சாகி வந்தபோது அவளுக்கே புல்லரித்தது.

கண்காட்சிக்கு நான்கு உடைகள் வேண்டும். தைக்க வேறு யாரிடம் போவாள்? அம்மா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, மேகமா?"

"ஆமாம்மா."

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. மிச்சம் விழுந்தா எனக்கு ஒரு சட்டை தச்சுக்கறேன்."

மகள் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

வடிவம் எங்கிருந்து பிறந்தது என்று கண்காட்சிப் பலகையில் காட்ட வேண்டும் என்பது கல்லூரி விதி. மகள் அம்மாவின் கை தெரிந்த படம் ஒன்றை ஒட்டினாள். "ஒரே கூட்டமா இருக்கும், நீ வராதம்மா" என்று சொல்லியும் வைத்தாள். தான் தைத்ததைப் பிறர் போட்டு நடப்பதைப் பார்க்கும் ஆசையில் அம்மா வந்துவிட்டாள். பலகைக்கு முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். படத்தில், மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு பேர், "பாவம், யாரோ" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அம்மா கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்மா..."

"அதான் கேக்கல. தெரிஞ்சேதான் செஞ்சிருக்க."

மறுநாள் மகள் பலகையிலிருந்து படத்தைக் கிழித்தெடுத்தாள். ஆனால் முதல் பரிசு அவளுக்கே கிடைத்தது. வடிவம் கல்லூரிக்குச் சொந்தம் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதை ஒரு துணி நிறுவனத்துக்கு விற்றார்கள். விற்க வேண்டாம் என்று மகள் ஆசிரியையிடம் அழுதாள். "பைத்தியமா நீ? ஊரே பேசுது" என்றார் அவர். அடுத்த கோடையில் அந்த வடிவம் அச்சான துணியை எடுத்துக்கொண்டு ஊரார் அம்மாவிடமே தைக்க வந்தார்கள். அவள் அளவெடுத்தாள், தைத்தாள், கொடுத்தாள். ஆனால் மகள் எதிரில்கூடக் கைப்பொத்தானை அவிழ்த்துச் சுருட்டிவிடுவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது மகள் வேறு ஊரில் துணி அச்சுப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். அந்தப் பரிசு வடிவம் மாதிரி இன்னொன்று வேண்டும் என்று முதலாளி கேட்டார். வராது என்று சொல்லிவிட்டாள். கோடும் கட்டமும் வரையக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை அம்மா போனில் பேசுவாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"வேலை?"

"போவுது."

யார் முதலில் போனை வைப்பது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.